கழிவுக்குழாய்க்கு ஒரு பூட்டு

அத்தியாயம் 9

"பாஸ், செத்தவரைத்தான் அன்னிக்கே எடுத்துட்டுப் போயிட்டாங்களே. அப்புறமும் ஏன் இந்த இடம் இப்படி நாறுது?"

மைலோ மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டான். ஓபல் க்ரேன் நடையை நிறுத்தவில்லை.

"அது பொணநாத்தம் இல்லைடா. கழிவுத்தொட்டி ரொம்பி வழியப் போகுது. ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவன் எல்லாம் துப்பறிய வந்துட்டான்."

"நான் சீட்டுக்கட்டு குலுக்கினவன் பாஸ். அங்க எல்லாரும் சென்ட் போட்டுக்கிட்டுத்தான் தோப்பாங்க."

சூதாட்ட விடுதியில் மைலோவுக்கு வேலை போனதற்குக் காரணம் அவன் கை அல்ல, வாய். அந்த வாயைப் பொறுத்துக்கொள்ள உலகத்தில் ஒரே ஒருத்தி இருந்தாள் என்றால் அது ஓபல்தான். இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய்யர்களைப் பிடித்தே தலை நரைத்தவள். ஒட்டடைக்கம்பு உயரம், கோபம் வந்தாலும் ஏறாத குரல். இப்போது வீடும் வண்டியும் ஒன்றான தன் மோட்டார்ஹோமில் குளிர்காலத்துக்கு அரிசோனா, கோடைக்கு மொன்டானா என்று சுற்றிக்கொண்டு, வழியில் வருகிற வம்பை வாங்கிக்கொண்டிருந்தாள்.

இந்த வம்பு வந்தது ஒஹையோவிலிருந்து. வர்ஜில் டூமி என்கிற மெக்கானிக்கின் தங்கை போனில் அழுதாள். "எங்க அண்ணன் எறும்பைக்கூட மிதிக்க மாட்டான். நாளைக்கு அவனைக் கோர்ட்ல நிறுத்தறாங்க மேடம்."

விஷயம் இதுதான். காப்பர் வாஷ் மோட்டார்ஹோம் பார்க்கில் லெஸ்டர் ஹாஸ்கெல் என்கிற பெரியவர், இலையுதிர்காலத்தில் ஒரு பழைய வண்டியை இரண்டாம் கையாக வாங்கி வந்து, மனைவி நடீனோடு குளிர்காலத்தைக் கழித்துக்கொண்டிருந்தார். முந்தாநாள் சாயங்காலம் வெறுங்காலோடு வண்டியை விட்டு இறங்கினார். கை வாசல் கைப்பிடியில், கால் ஈரத்தரையில். வண்டியின் தகரம் முழுக்கக் கரண்ட் பாய்ந்திருந்தது. உள்ளேயே இருந்தால் ஒன்றும் தெரியாது; கம்பியில் உட்கார்ந்த காக்காய்க்கு ஷாக் அடிப்பதில்லை. கை வண்டியிலும் கால் மண்ணிலும் இருக்கிற அந்த ஒரு நொடிதான் எமன். லெஸ்டருக்கு அந்த நொடியைத் தாண்டக் கொடுத்துவைக்கவில்லை.

போன வாரம் அதே வண்டியில் லேசாக ஷாக் அடிக்கிறது என்று நடீன் கூப்பிட்டு, எர்த் ஒயரைச் சரிசெய்து கொடுத்தவன் வர்ஜில். அப்புறம் யாரைச் சொல்வார்கள்? போலீஸ் டெபுடி ஹேய்ஸ் வந்து விலங்கு மாட்டுவதற்குள் பார்க்கின் பெரிய மனிதர்கள் வர்ஜிலின் வேன் கண்ணாடிகளை உடைத்தார்கள், ஸ்பானர்களை மணலில் வீசினார்கள். ஒருவர் அவன் டூல் பெட்டிக்குள் மூத்திரம் பெய்தார். கிறிஸ்துமஸ் அன்று அவருடைய ஹீட்டரைச் சரிசெய்து கொடுத்துவிட்டு ஒரு துண்டு கேக் மட்டும் வாங்கிக்கொண்டு போனவன் அந்த வர்ஜில். நன்றி என்பது அங்கே வண்டிக்கு வண்டி மாறும் சரக்கு.

ஹாஸ்கெல் வண்டியின் கதவு திறந்தது. நடீன் இறங்கினாள். எழுபதை நெருங்கும் வயது, ஆபரேஷன் ஆன முட்டி. கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு, படிக்கு ஒரு பெருமூச்சு விட்டு, வெறுங்காலைத் தரையில் வைத்து, மிதியடி மேல் கிடந்த செருப்பை மாட்டிக்கொண்டாள். மணல் உள்ளே வந்துவிடக் கூடாது என்று அந்தப் பார்க்கில் செருப்பை வாசலில்தான் விடுவார்கள்.

"நீங்கதான் அந்தத் துப்பறியற அம்மாவா? வாங்க, காபி போடறேன்," என்றாள். அழுத கண்ணாகத் தெரியவில்லை. நன்றாகத் தூங்கி எழுந்த கண்ணாகத் தெரிந்தது.

உள்ளே ஏ.சி. உறுமிக்கொண்டிருந்தது. காபி மெஷின் கொதித்தது. லெஸ்டரின் சாய்வு நாற்காலி இருந்த இடத்தில் நாலு பள்ளம் மட்டும் கம்பளத்தில் இருந்தது.

"நாற்காலி எங்க மேடம்?" மைலோ கேட்டான்.

"குடுத்துட்டேன். அதுல உக்கார்ந்து அவன் விட்ட குறட்டைக்கு நான் இருபது வருஷமா தூங்கினதில்லை. சர்க்கரை எத்தனை?"

"ரெண்டு. துக்கம் விசாரிக்க வந்தா மூணு."

நடீன் சிரித்தாள். ஓபல் சிரிக்கவில்லை. கோப்பையை வாயில் வைக்காமல் கையிலேயே சுற்றிக்கொண்டிருந்தாள்.

"வர்ஜில் சரிசெஞ்ச பிறகு மறுபடி ஷாக் அடிச்சுதா?"

"இல்லவே இல்லை. லெஸ்டரை அடிச்சதுதான் அடுத்த தடவை. அந்தப் பொறுக்கி எதை ஒழுங்கா முறுக்கினான்?"

"தொட்டி வழியுது போலிருக்கே. பக்கத்துல யாரும் வந்து காலி பண்ணிக் குடுக்கலையா?"

நடீனின் கை சர்க்கரை டப்பாவில் ஒரு நொடி நின்றது. "வந்தாங்க. நான்தான் வேண்டாம்னேன். என் வீட்டு அசிங்கத்தை ஊரார் ஏன் தொடணும்?"

மைலோ குரலைத் தணித்து, "சாம்பலை ஞாபகமா வெச்சுக்கறவங்களைப் பார்த்திருக்கேன். இதை வெச்சுக்கறவங்களை இப்பத்தான் பார்க்கறேன்," என்றான். ஓபலின் குதிகால் அவன் பாதத்தின் மேல் இறங்கியது. நடீனுக்குக் கேட்டதோ இல்லையோ, டப்பாவை மூடிவிட்டு எழுந்துகொண்டாள். "எனக்கு முட்டி வலிக்குது. கொஞ்சம் படுக்கணும்," என்றாள். கழுத்தில் தொங்கிய கறுப்புக் கயிறு சட்டைக்குள் போய் மறைந்திருந்தது.

வெளியே வந்ததும் ஓபல் வண்டியின் பின்பக்கம் நடந்தாள். தகர உடம்பின் கீழ்ப்பகுதியில் வரிசையாகச் சின்னச் சின்னக் கதவுகள். மடக்கு நாற்காலி, தண்ணீர்க் குழாய், கரண்ட் கேபிள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெட்டி. கடைசிப் பெட்டி கழிவுக்குழாய்க்கு. அதில் மட்டும் பளபளவென்று ஒரு புதுப் பூட்டு தொங்கியது.

மைலோ விசிலடித்தான். "பாஸ், தங்கம் வெச்ச பெட்டிக்குப் பூட்டு பார்த்திருக்கேன். பீக்குழாய்க்குப் பூட்டா? எவன் திருடுவான்?"

"கேள்வி அது இல்லை. இந்த நாட்டுல ஓடற முக்கால்வாசி மோட்டார்ஹோம் பெட்டிக்கு ஒரே சாவிதான். என் சாவி உன் வண்டியைத் திறக்கும், உன்னுது அவளுதைத் திறக்கும். எல்லாருக்கும் தெரியும், யாரும் கவலைப்படறதில்லை. திடீர்னு ஒருத்திக்கு மட்டும் கவலை வருது. அதுவும் எந்தப் பெட்டி மேல?"

"யாரும் கை வைக்காத பெட்டி மேல."

"தப்பு. சாவு வீட்டுல முதல்ல கை வைக்கற பெட்டி மேல."

காப்பர் வாஷின் வழக்கம் அது. ஒரு வண்டியில் சாவு விழுந்தால், அக்கம்பக்கத்தார் சாப்பாடு கொண்டுவந்து கொடுப்பதோடு நிற்பதில்லை. கையுறை மாட்டிக்கொண்டு வந்து, அந்தப் பெட்டியைத் திறந்து, குழாயைத் தரைக்குழியில் மாட்டி, தொட்டியைக் காலி செய்து கழுவிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். சாப்பாடு யார் வேண்டுமானாலும் கொண்டுவரலாம். இதைச் செய்கிறவன்தான் பக்கத்து வீட்டுக்காரன். அதை மறுத்தவள் என்று அந்தப் பார்க்கில் ஒருத்தியும் இருந்ததில்லை.

எதிர் வரிசையில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள் வில்மா ஷுல்ட்ஸ். பார்க்கின் மேலாளர். ஊர் வாயை மொத்தமாகக் குத்தகைக்கு எடுத்தவள். கையில் ஐஸ் போட்ட கிளாஸ், முகத்தில் பிறர் துன்பம் தருகிற பூரிப்பு.

"என்ன தம்பி, அந்தக் கொலைகாரனைக் காப்பாத்த வந்திருக்கீங்களாமே?" என்றாள் மைலோவிடம்.

"எந்தக் கொலைகாரனைன்னு இன்னும் முடிவு பண்ணலை வில்மா அம்மா. நீங்க கொஞ்சம் உதவி பண்ணினா உங்களையே காப்பாத்தறேன்."

"வாயைப் பாரு! ஓபல், இவனை எங்க பிடிச்ச?"

"குப்பைத்தொட்டி பக்கத்துல. நல்லாத்தான் இருந்துது, எடுத்துட்டு வந்துட்டேன்," என்றாள் ஓபல், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு. "வில்மா, அன்னிக்கு நீ இங்கதான் உக்கார்ந்திருந்தயா?"

கேட்டது ஒரு கேள்வி. வந்தது வெள்ளம். சாயங்காலக் கூட்டம் களைகட்டியிருந்ததாம். பேப்பர் தட்டில் சிப்ஸ், காகித டம்ளரில் ஒயின். நடீன் முதலில் கையில் ஒரு பையோடு வெளியே வந்தாளாம்.

"எப்படி வந்தா தெரியுமா? முட்டி ஆபரேஷன் ஆன பொம்பளை, மேல் படியிலேர்ந்து ரெண்டு காலையும் சேர்த்துத் தொப்புனு குதிச்சா. கைப்பிடியைத் தொடக்கூட இல்லை. 'என்னடி, கல்யாணப் பொண்ணு மாதிரி துள்றே'ன்னு நான் கைதட்டினேன். பையைப் பின்பக்கம் வெச்சுட்டு வந்து, வழக்கம்போல மிதியடிக்குத் தண்ணி அடிச்சா. தூசி அடங்கணுமே. அப்புறம்தான் அந்தக் கொடுமை. 'லெஸ்டர், காத்து! காத்து! வெயில்துணி கிழியுது, ஓடி வா'ன்னு ஒரு கத்து கத்தினா. அவன் தூக்கத்துலேர்ந்து அடிச்சுப் பிடிச்சு வந்தான். அவ்வளவுதான். நடீன்தான் நிதானமா நடந்து போய்க் கரண்ட் கம்பத்துல ஸ்விட்சை அணைச்சா."

வண்டியின் பக்கவாட்டில் விரித்துக் கட்டுகிற வெயில்துணி என்றால் மோட்டார்ஹோம்காரர்களுக்கு உயிர். பாலைவனத்தில் ஒரு காற்று வீசினால் அது பறந்து கூரையையும் பெயர்த்துக்கொண்டு போய்விடும். காற்று என்று சத்தம் கேட்டால் குளித்துக்கொண்டிருப்பவன்கூட அப்படியே ஓடிவந்து சுருட்டுவான். செருப்பு தேடி ஒருவனும் நின்றதில்லை.

"உங்க பேப்பர் தட்டு எல்லாம் எவ்வளவு தூரம் பறந்துது?" ஓபல் கேட்டாள்.

"எங்க பறக்கும்? அன்னிக்கு இலை அசையலையே," என்று சொன்ன வில்மா, சொன்னதைத் தானே கேட்டுவிட்டு வாயை மூடினாள். கிளாஸ் பாதி வழியில் நின்றது.

மைலோ விடவில்லை. "லெஸ்டர் எப்பவுமே வெறுங்காலா வில்மா அம்மா?"

"அவனா? சொன்னா சிரிப்பே. மழையே பேயாத ஊர்ல, போன ஒரு வாரமா முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ்! 'மீன் பிடிக்கப் போறியா லெஸ்டர்'னு நாங்க எல்லாம் கேலி. நடீன் வாசல்ல விடுன்னு கத்தினாலும் விடமாட்டான், உள்ள போய்த்தான் கழட்டுவான். பாம்புக்கு பயமாம். ஜனவரியில ஏதுடா பாம்பு? அதெல்லாம் குழிக்குள்ள தூங்குது."

ஓபல் எழுந்தாள். "வில்மா, கழிவு கசிஞ்சா பார்க் மேலாளர் எந்தப் பெட்டியையும் திறக்கலாம்னு உன் விதியில இருக்கா?"

"ஏழாவது விதி," என்றாள் வில்மா. அடுத்தவர் பெட்டியைத் திறக்க விதியே அனுமதிக்கிறது என்றால் அவளுக்கு அதைவிடத் திருவிழா ஏது? இரும்பு வெட்டும் கத்தரியை எடுத்துவர ஆபரேஷன் ஆகாத முட்டியோடு ஓடினாள்.

பூட்டு ஒரே நறுக்கில் விழுந்தது. கதவைத் திறந்ததும் அடித்த வாடையில் மைலோவின் கண்ணில் நீர் வந்தது.

"உள்ள கையை விடு," என்றாள் ஓபல்.

"நானா? என் கை சீட்டு போட்ட கை பாஸ்! ராணி, ராஜா எல்லாம் தொட்ட கை!"

"அதான் சொல்றேன். இன்னிக்கு ஜோக்கரைத் தொடு."

சுருண்டு கிடந்த குழாய்க்குப் பின்னால் கையை விட்டவன் ஒரு பிளாஸ்டிக் பையை இழுத்தான். முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ் இரண்டு. பூட்ஸுக்குள் ஒரு முழ நீளத்தில் தடித்த ஒயர், இரண்டு முனையிலும் பெரிய பிளக். பார்க்கின் கரண்ட் கம்பமும் பழைய வண்டியின் கேபிளும் அளவு ஒத்துப்போகாவிட்டால் நடுவில் மாட்டுகிற இணைப்பு. ஓபல் அதைத் திருப்பிப் பார்த்தாள். பிளக்கின் திருகாணித் தலைகளில் புதுக் கீறல். நகத்தால் மூடியை நெம்பினாள். உள்ளே எர்த் ஒயர் இருக்க வேண்டிய இடத்துக்கு, கரண்ட் ஒயரிலிருந்து ஒரு குட்டித் துண்டு ஒயர் ஓடியது.

"இதை மாட்டினா வண்டிக்குள்ள லைட் எரியும், ஏ.சி. ஓடும், ஒரு குறையும் தெரியாது. வண்டியோட தகரம் மட்டும் எமன்," என்றாள். "வர்ஜில் கை வெச்சது வண்டிக்குள்ள. இது இருந்தது வண்டிக்கு வெளியே."

மைலோ துள்ளினான். "அப்போ கிழவிதான் பாஸ்! ஒயரை மாத்தி வெச்சு, பூட்ஸை ஒளிச்சு, தண்ணி அடிச்சு, காத்துன்னு கத்தி... அவன் விழுந்ததும் கரண்டை அணைக்கற சாக்குல கம்பத்துக்குப் போய், இதைக் கழட்டிட்டு வேற இணைப்பை மாட்டிட்டா. குப்பைத்தொட்டியில போடவும் முடியாது. அங்க போட்டா நல்ல பூட்ஸ்னு சாயங்காலத்துக்குள்ள எவனாவது மாட்டிக்கிட்டு இவ எதிர்லயே நடப்பான்!"

"நான் அப்பவே நினைச்சேன்," என்றாள் வில்மா. அப்பவே நினைத்தவள்தான் வர்ஜிலின் வேன் மேல் முதல் கல்லை எறிந்தவள்.

"நாய் எலும்பைத் தோண்டற மாதிரி என் பெட்டியைத் தோண்டறீங்களே, வெட்கமா இல்லை?"

நடீன் பின்னால் நின்றிருந்தாள். சத்தம் போடவில்லை. வெட்டுப்பட்ட பூட்டைப் பார்த்தாள், பூட்ஸைப் பார்த்தாள், அப்புறம் வில்மாவின் மடக்கு நாற்காலியில் போய் நிதானமாக உட்கார்ந்துகொண்டாள்.

"இது லெஸ்டர் பண்ணின வேலை," என்றாள். "அவன் ஒளிச்சு வெச்சிருப்பான். எனக்கென்ன தெரியும்?"

"செத்தப்புறம் எழுந்து வந்து ஒளிச்சு வெச்சானா மேடம்?" மைலோ கேட்டான். "பூட்டோட சாவி உங்க கழுத்துல தொங்குது. அதையும் அவரே கட்டிவிட்டாரா?"

ஓபல் கையைக் காட்டி அவனை நிறுத்தினாள். நடீனுக்கு எதிரே மணலிலேயே உட்கார்ந்தாள்.

"நடீன், பாதி உண்மை சொன்னே. ஒயரை மாத்தினது லெஸ்டர்தான்."

மைலோ திரும்பிப் பார்த்தான். "பாஸ்?"

"பாலைவனத்துல ரப்பர் பூட்ஸ் யாருக்குடா வேணும்? தகரத்துல கரண்ட் இருக்குன்னு தெரிஞ்சவனுக்கு. அதை வாங்கினது லெஸ்டர். வெறுங்காலோட ஏறி இறங்கறது இவ. குறி இவளுக்குத்தான் வெச்சிருந்தான். முதல் தடவை வண்டிக்குள்ளேயே ஒயரைக் கெடுத்தான். பழைய வண்டி, எது நடந்தாலும் ஊர் நம்பும். செருப்பு போட்டிருந்த நேரமா தொட்டதால இவளுக்கு சுள்ளுனு மட்டும் அடிச்சுது. வர்ஜிலைக் கூப்பிட்டுட்டா. அவன் சரி பண்ணிட்டு என்ன சொன்னான்னு இன்னிக்குக் காலையில லாக்கப்ல எங்கிட்ட சொன்னான்." ஓபல் நடீனையே பார்த்தாள். "நீயே சொல்லேன்."

நடீன் முட்டியைத் தடவிக்கொண்டாள்.

"'இனிமே வண்டிக்குள்ள ஒரு கோளாறும் இல்லை அம்மா. மறுபடி ஷாக் அடிச்சா, கோளாறு வெளியிலேர்ந்துதான் வரும், வெளிய தேடுங்க'ன்னான்," என்றாள். "ரெண்டே நாள்ல, செருப்போட கைப்பிடியைத் தொட்டப்போ மறுபடி சுள்ளுனு அடிச்சுது. வெளிய தேடினேன். கீறல் விழுந்த திருகாணியைப் பார்த்தேன். அப்புறம் என் புருஷன் கால்ல இருந்த பூட்ஸைப் பார்த்தேன். யூமாவுல அவனுக்கு ஒருத்தி இருக்கா. அவ பேரும் தெரியும், அவ வளர்க்கற நாய்க்குட்டி பேரும் தெரியும். நாப்பது வருஷம் அவனுக்கு முட்டை பொரிச்சுப் போட்டிருக்கேன் ஓபல். விவாகரத்து கேட்டிருந்தாக் குடுத்திருப்பேன். அவன் கேட்கலை. ரப்பர் பூட்ஸ் வாங்கினான்."

அந்தக் குரலில் இருந்த வலி பொய்யல்ல. மைலோவுக்கே ஒரு கணம் நெஞ்சு இளகியது.

"அதைப் பிடுங்கி எறிஞ்சிருக்கலாம். டெபுடியைக் கூப்பிட்டிருக்கலாம்," என்றாள் ஓபல்.

"பிடுங்கினா? அடுத்தது கேஸ் குழாய். அதுக்கடுத்தது படிக்கட்டு. அவன் ஒவ்வொண்ணா யோசிப்பான், நான் ஒவ்வொண்ணாப் பிடுங்கிக்கிட்டே இருக்கணுமா? அவன் வெட்டின குழி. நான் பூட்ஸை எடுத்தேன், தண்ணி அடிச்சேன், கூப்பிட்டேன். விழுந்தது அவன்."

"சரி. வர்ஜில்?"

"என்ன வர்ஜில்?"

"உன்னை உயிரோட வெச்சவன் அவன். அவன் சொன்ன அந்த ஒரு வார்த்தை இல்லைன்னா இன்னிக்குப் பொணம் நீ. அவனை ஏன் பிடிச்சுக் குடுத்தே?"

நடீன் தோளைக் குலுக்கினாள். "யாராவது ஒருத்தன் வேணுமே. அவன் கையிலதான் ஸ்க்ரூடிரைவர் இருந்துது. பொண்டாட்டி இல்லை, பிள்ளை இல்லை. உள்ள போனா அழறதுக்கு யாரு இருக்கா?"

"ஒரு தங்கச்சி இருக்கா மேடம்," என்றான் மைலோ. இளகிய நெஞ்சு மறுபடி இறுகிவிட்டிருந்தது.

"ஒரு விஷயம் மட்டும் கத்துக்கோ நடீன்," என்றாள் ஓபல். "புருஷனைக் கொன்ன வண்டின்னு ஊரே நடுங்குது. நீ அதே வண்டியில கரண்டை மாட்டி, ஏ.சி. போட்டு, அதே கைப்பிடியைப் பிடிச்சு வெறுங்கால்ல இறங்கி வந்து எனக்குக் காபி குடுத்தே. கோளாறு வண்டியில இல்லைன்னு உனக்கு நிச்சயமாத் தெரிஞ்சிருந்துது. நான் அந்தக் காபியைக் குடிக்காததுக்குக் காரணம் அதுதான்."

"நான் குடிச்சிட்டேனே!" என்று மைலோ தொண்டையைப் பிடித்துக்கொண்டான். ஓபல் அதற்குள் டெபுடி ஹேய்ஸை போனில் பிடித்து, எல்லோரும் கேட்கும்படி போனை வில்மாவின் மடக்கு மேஜை மேல் வைத்துவிட்டாள்.

"லேட், ஓபல்," டெபுடியின் குரல் கொட்டாவியோடு வந்தது. "வர்ஜில் ஒத்துக்கிட்டான். எழுதிக் கையெழுத்தும் போட்டாச்சு."

"எதை ஒத்துக்கிட்டான்?"

"அவன்தான்னு. நான் ஒண்ணும் அடிக்கலை, மிரட்டலை. தானாவே சொன்னான். எங்கயோ ஒரு ஸ்க்ரூவைச் சரியா முறுக்காம விட்டிருப்பேன்னு. அழுதுட்டே இருக்கான், சாப்பிட மாட்டேங்கறான். இத்தனை பேர் சொல்லும்போது தப்பா இருக்குமான்னு என்னையே கேட்கறான்."

நடீன் முகத்தில் மெல்லிசாக ஒரு சிரிப்பு வந்தது. "கேட்டீங்களா? அவனே சொல்றான். அப்புறம் என்னை எதுக்கு நோண்டறீங்க?"

அந்தச் சிரிப்பைப் பார்த்த வில்மாகூட நாற்காலியை விட்டுத் தள்ளி நின்றாள்.

ஓபல் டெபுடியிடம் சுருக்கமாகச் சொன்னாள். பூட்ஸ், இணைப்பு, பூட்டு, இலையசையாத காற்று. கொட்டாவி நின்றது. ஒரு கெட்ட வார்த்தை வந்தது. கதவு திறக்கிற சத்தம், காலடிச் சத்தம், அப்புறம் யாரோ மூக்கை உறிஞ்சுகிற சத்தம்.

"மேடம்?" வர்ஜிலின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது. "நான்தான் மேடம். யோசிச்சு யோசிச்சுப் பார்த்துட்டேன். என் தப்பாத்தான் இருக்கும். எல்லாரும் நல்ல மனுஷங்க, அவங்க ஏன் பொய் சொல்லப் போறாங்க?"

வில்மா தரையைப் பார்த்தாள்.

"வர்ஜில், நல்லாக் கேளு. நீ முறுக்கின ஒரு ஸ்க்ரூகூட அசையலை. கோளாறு வெளிய இருந்த இணைப்புல. லெஸ்டர் அதுல கை வெச்சிருந்தான். பொண்டாட்டியைக் கொல்றதுக்கு."

மைலோ போன் பக்கமாகக் குனிந்தான்.

"பொண்டாட்டியையா?" என்றான் வர்ஜில். "அய்யோ. அப்போ அந்தம்மா? அவங்களுக்கு ஒண்ணும் ஆகலையே மேடம்?"

ஓபல் நடீனைப் பார்த்தாள். நடீனின் சிரிப்பு எங்கோ பாதியில் நின்றுபோயிருந்தது.

"மேடம், அந்தம்மாகிட்ட சொல்லுங்க. என்னை விட்டாங்கன்னா முதல்ல வந்து அவங்க வண்டியை ஒரு தடவை முழுசாப் பார்த்துடறேன். அந்த ஆளு வேற எங்கெல்லாம் கை வெச்சிருக்கானோ தெரியலையே. என் டூல்ஸ் எங்க கிடக்குதுன்னு தெரியலை, யார்கிட்டயாவது வாங்கிட்டு வந்துடறேன். அதுவரைக்கும் செருப்பைக் கழட்ட வேண்டாம்னு சொல்லுங்க. பாவம், தனியா இருக்காங்க."

"நிறுத்துங்க அதை!"

நடீன் எழுந்துவிட்டாள். புருஷன் துடித்து விழுந்தபோது நிதானமாகக் கம்பத்துக்கு நடந்த பெண், இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினாள். "அந்த ஆளை வாயை மூடச் சொல்லுங்க! யாராவது வாயை மூடச் சொல்லுங்களேன்!"

போனை யாரும் அணைக்கவில்லை.

"அது அந்தம்மா குரல்தானே?" என்றான் வர்ஜில். "அப்பாடா. உயிரோடதான் இருக்காங்க."